சிவப்பு மாத்திரை உட்காரும் இடம்: பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு

காசநோய்க்கு மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்து மிரண்டுபோன இரண்டு பேரை எனக்கு நேரில் தெரியும். மிரள வேண்டியதில்லை; அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். வேலூர்ப் பக்கத்து மக்களுக்கு இந்த மருந்தோடு இன்னொரு உறவும் உண்டு. ஊருக்கு வெளியே கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென ஓர் ஆராய்ச்சி மையம் இயங்கிவருகிறது. தொழுநோய்க்கு 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் டாப்சோன், குளோஃபசிமின் ஆகியவற்றோடு ரிஃபாம்பிசினும் ஒன்று.

இந்த மருந்து பாக்டீரியாவுக்குள் போய் ஒரு நொதியைத் தேடிப்பிடித்து, அதில் உள்ள ஒரு குழியில் உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் குழியை நாம் வீட்டிலிருந்தபடியே, காசு செலவில்லாமல், கைப்பேசித் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். எப்படிப் பார்ப்பது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். உயிரியலைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவர்களும் செய்யலாம். காட்பாடியில் என் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேருடன் இதைச் செய்துவருகிறேன். அவர்களுக்கு எது சட்டென்று பிடிபட்டது, எங்கே சறுக்கியது என்று கவனித்துத்தான் இந்த வரிசையை அமைத்திருக்கிறேன். அதனால் நேரே படத்துக்குப் போய்விடாதீர்கள்.

தேவையானவை: இணையம் உள்ள கைப்பேசி (கணினி இருந்தால் இன்னும் நல்லது), மெல்லிய பட்டுத்துணி ஒரு முழம், ஒரு நோட்டு, அரை அங்குல பிவிசி பைப் ஒரு சாண், இரண்டு கை நிறையக் களிமண். சமையலறையிலிருந்து ஒரு கடுகு, ஒரு புளியங்கொட்டை, நாலைந்து மிளகு.

நொதியைப் பற்றிச் சுருக்கமாக

இதன் பெயர் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். டி.என்.ஏ.வில் உள்ள மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுப்பது இதன் வேலை. ஈ.கோலை பாக்டீரியாவில் நொடிக்கு 40, 50 எழுத்து வேகத்தில் படியெடுக்கிறது. இது நின்றுபோனால் பாக்டீரியாவால் புதிதாக ஒரு புரதமும் செய்ய முடியாது.

நொதியின் கரு ஐந்து புரதச் சங்கிலிகளால் ஆனது: ஆல்ஃபா இரண்டு, பீட்டா ஒன்று, பீட்டா பிரைம் ஒன்று, ஒமேகா ஒன்று. எந்த இடத்திலிருந்து படியெடுக்கத் தொடங்க வேண்டும் என்று அடையாளம் காட்ட சிக்மா என்ற ஆறாவது சங்கிலி வந்து சேர்ந்துகொள்ளும். நாம் முதலில் பார்க்கப்போகும் கோப்பில் சிக்மா இல்லை. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதல் வேலை மொட்டைமாடியில்

இருட்டிய பிறகு மாடிக்குப் போங்கள். தூரத்தில் ஒற்றையாகத் தெரியும் ஒரு சிறு விளக்கைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் மாடியிலிருந்து ஒரு செல்போன் கோபுரத்தின் உச்சியில் உள்ள சிவப்பு விளக்கு தெரியும். இதற்கு அதைவிட நல்ல விளக்கு கிடையாது. பட்டுத்துணியை ஒற்றை மடிப்பாகக் கண்ணுக்கு அருகே பிடித்து, அதன் வழியாக விளக்கைப் பாருங்கள். சூரியனையோ லேசர் விளக்கையோ ஒருபோதும் இப்படிப் பார்க்கக் கூடாது.

ஒரு விளக்கு பல விளக்குகளாகத் தெரியும். நடுவில் பளிச்சென்று ஒன்று, அதன் நான்கு பக்கமும் கூட்டல் குறி போல வரிசையாக மங்கிக்கொண்டே போகும் புள்ளிகள். இப்போது துணியைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். புள்ளிகள் அசையாது. துணியைச் சுழற்றுங்கள், புள்ளிகளும் கூடவே சுழலும். ஆரணியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி அவள் அம்மாவின் பழைய பட்டுப்புடவை ஓரத்தைக் கொண்டுவந்திருந்தாள். அதையும் ஒரு கைத்தறி வேட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். வேட்டியில் புள்ளிகள் நெருங்கி ஒட்டிக்கொண்டிருந்தன, பட்டில் விலகி விலகி நின்றன. "மேடம், நெசவு நெருக்கமாக இருந்தால் புள்ளியும் நெருக்கமாகத்தானே இருக்க வேண்டும்? இது தலைகீழாக இருக்கிறதே" என்றாள். படிகவியலின் முதல் பாடமே அதுதான். இழை நெருங்க நெருங்கப் புள்ளி விலகும். புள்ளிகளின் இடைவெளியை அளந்தால் துணியைத் தொடாமலே இழைகளின் இடைவெளியைச் சொல்லிவிடலாம்.

இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். புரதத்தின் வடிவத்தைக் கண்டறிவதும் இப்படித்தான்: துணிக்குப் பதில் புரதத்தின் படிகம், கோபுர விளக்குக்குப் பதில் எக்ஸ் கதிர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ராம். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையேயான பிணைப்போ 1.54 ஆங்ஸ்ட்ராம்தான். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. ஒளியால் தடவிப் பார்க்க முடியாத அந்த அளவை, ஏறத்தாழ 1 ஆங்ஸ்ட்ராம் அலைநீளம் உள்ள எக்ஸ் கதிரால் தடவ முடியும். இந்தியாவில் இந்தூரில் உள்ள இண்டஸ்-2 என்ற சிங்க்ரோட்ரானில் (வலிமையான எக்ஸ் கதிர் தரும் பெரிய இயந்திரம்) புரதப் படிகங்களுக்கென்றே ஒரு கதிர்ப்பாதை இருக்கிறது.

ஒரு சிக்கலை மட்டும் மனத்தில் வையுங்கள். புள்ளி எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதை அளக்கலாம். ஒவ்வொரு அலையும் எந்தக் கட்டத்தில் (மேடாகவா, பள்ளமாகவா) வந்து சேர்ந்தது என்பதை அளக்க முடியாது. அதை வேறு வழிகளில் மீட்டெடுத்த பிறகுதான் எலக்ட்ரான் அடர்த்தியின் வரைபடம் கிடைக்கும். அந்த வரைபடத்துக்குள் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகப் பொருத்துபவர்கள் மனிதர்கள். திரையில் நீங்கள் பார்ப்பது புகைப்படம் அல்ல, அளவீட்டின்மேல் கவனமாகக் கட்டிய ஒரு மாதிரி.

படிகம் என்றால் என்ன என்று புரிய வீட்டில் கற்கண்டு வளர்த்தாலே போதும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று டம்ளர் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, பாகில் நூலைத் தொங்கவிட்டு, ஒரு வாரம் ஆட்டாமல் அசைக்காமல் வையுங்கள். அவசரப்பட்டுப் பாத்திரத்தை நகர்த்தினால் பெரிய கட்டிக்குப் பதில் பொடிப்பொடியாக விழும். புரதத்துக்கும் இதே பொறுமைதான் வேண்டும். ஆனால் புரதப் படிகம் கற்கண்டு போல இறுகியது அல்ல. அதன் கன அளவில் பாதியளவு நீராகவே இருக்கலாம்; தொட்டால் நசுங்கும்.

எந்தக் கோப்பைத் திறப்பது

உலகம் முழுவதும் கண்டறியப்படும் புரத அமைப்புகளைப் புரதத் தரவு வங்கி (ஆங்கிலத்தில் Protein Data Bank) சேமித்துவைக்கிறது. 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கிய அந்த வங்கி யாருக்கும் இலவசம்; பதிவு செய்யக்கூட வேண்டாம். ஒவ்வொரு அமைப்புக்கும் நான்கு எழுத்தில் ஒரு குறியீடு உண்டு.

நமக்கு வேண்டிய குறியீடு 1ஐ6வி. ஒன்று, ஆங்கில ஐ, ஆறு, ஆங்கில வி. இரண்டாவதாக வருவது எழுத்து; அதையும் எண் ஒன்று என்று நினைத்துத் தட்டிவிட்டு "வரவில்லை" என்பவர்கள் ஒவ்வொரு வாரமும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கேம்ப்பெல், சேத் டார்ஸ்ட் முதலானோர் 2001-இல் வெளியிட்ட அமைப்பு இது. மருந்து இல்லாத வெறும் நொதியின் அமைப்பை டார்ஸ்டின் குழு 1999-லேயே வெளியிட்டிருந்தது. பாக்டீரியாவின் பல சங்கிலி ஆர்.என்.ஏ. பாலிமரேஸை அணு அளவுக்கு நெருங்கிப் பார்த்த முதல் படிக அமைப்பு அது.

இந்த நொதி காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்தது அல்ல. தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற வெந்நீர் ஊற்று பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் கிடைத்து, 70 டிகிரி செல்சியஸில் சுகமாக வளரும் உயிர் அது. அந்த வெப்பத்தில் குலையாத புரதம் நம் அறை வெப்பத்தில் விறைப்பாக நிற்கும், படிகமாக அடுக்க வசதி. (சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ரைபோசோம் ஆய்வில் பயன்பட்டது இதன் நெருங்கிய உறவான தெர்மஸ் தெர்மோஃபிலஸ்.) பி.சி.ஆர். சோதனையில் பயன்படும் "டாக்" நொதியும் தெர்மஸ் அக்வாட்டிகஸிலிருந்து வந்ததுதான், ஆனால் அது டி.என்.ஏ. பாலிமரேஸ். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படத்துக்கு முன் அறிக்கை

குறியீட்டைத் தட்டியதும் வரும் பக்கத்தில் முப்பரிமாணப் படத்துக்கான பொத்தான் கண்ணைப் பறிக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள். நோட்டை எடுத்து மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது பகுதிறன். இந்தக் கோப்புக்கு 3.3 ஆங்ஸ்ட்ராம். எண் சிறிதாகச் சிறிதாகத் தெளிவு கூடும். தூரத்தில் வரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். முதலில் பஸ் என்று மட்டும் தெரியும், பிறகு நிறம், பிறகு தடம் எண், கடைசியாக ஊர்ப் பெயர். 3.3 என்பது தடம் எண் தெரிந்து ஊர்ப் பெயர் தெரியாத தூரம். சங்கிலி எப்படி ஓடுகிறது, பெரிய பக்கக் கிளைகள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்பதை நம்பலாம். ஹைட்ரஜன் அணுக்களைப் பற்றியோ தனித்தனி நீர் மூலக்கூறுகளைப் பற்றியோ இதை வைத்துப் பேசக் கூடாது.

இரண்டாவது, சிவப்பிலிருந்து நீலம் வரை போகும் தரப் பட்டைகள். நீலப் பக்கம் இருந்தால் மற்ற அமைப்புகளோடு ஒப்பிடும்போது நல்ல நிலை. அவற்றில் ஆர்-ஃப்ரீ என்று ஒன்று இருக்கும். அளந்த புள்ளிகளில் ஒரு சிறு பங்கை மாதிரி கட்டும்போது காட்டாமல் ஒளித்துவைத்து, கடைசியில் அதை வைத்துச் சோதிப்பார்கள். மாதிரி வினாத்தாளில் இல்லாத கேள்வியைத் தேர்வில் கேட்பது போல. பட்டைகளில் இன்னொன்றைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிமிரும்: ராமச்சந்திரன் பட்டை. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வகுத்த வரைபடம். உலகில் எங்கே எந்தப் புரத அமைப்பு வெளிவந்தாலும் அந்த வரைபடத்தில் சரிபார்க்கிறார்கள்.

மூன்றாவது, எது இல்லை என்பது. ஆல்ஃபா சங்கிலிகளின் வால்பகுதிகள் இந்த அமைப்பில் தெரியாது. படிகத்தில் அவை ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்ததால் வரைபடத்தில் பதியவில்லை. நொதியில் அவை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

இனிப் படத்தைத் திறக்கலாம்

வங்கியின் தளத்திலேயே மோல்ஸ்டார் என்ற காட்டி இருக்கிறது. எதையும் நிறுவ வேண்டாம். கைப்பேசியில் ஒரு விரலால் இழுத்தால் சுழலும், இரு விரலால் விரித்தால் பெரிதாகும். கணினியில் சுட்டியை அழுத்தி இழுப்பதும் சக்கரத்தை உருட்டுவதும் அதே வேலையைச் செய்யும்.

முதல் பார்வைக்கு நூல்கண்டு சிக்கியது போலத்தான் இருக்கும். நிதானமாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் சட்டென்று வடிவம் தெரியும்: வயல் வரப்பில் நாம் பார்த்திருக்கும் நண்டின் கொடுக்கு. உலகெங்கும் ஆய்வாளர்கள் சொல்லும் உவமையும் அதுவேதான். ஒரு விரல் பெரும்பாலும் பீட்டா, மற்றது பெரும்பாலும் பீட்டா பிரைம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வாய்க்கால் வழியாகத்தான் டி.என்.ஏ. போகும். நொதியின் நீளம் கொடுக்கின் நுனியிலிருந்து பின்பக்கம் வரை ஏறத்தாழ 150 ஆங்ஸ்ட்ராம், உயரம் 115, அகலம் 110. வாய்க்காலின் அகலம் 27. இந்த நான்கு எண்களையும் நோட்டில் எழுதுங்கள், களிமண்ணுக்கு வேண்டும்.

சங்கிலிகளுக்கு ஆங்கில எழுத்துகள் கொடுத்திருப்பார்கள். ஏ, பி இரண்டும் ஆல்ஃபா, சி பீட்டா, டி பீட்டா பிரைம், இ ஒமேகா. நிறங்களை மென்பொருள் பூசுகிறது, இயற்கை அல்ல. அடுத்த முறை திறக்கும்போது நிறம் மாறியிருக்கலாம். அதனால் "பச்சைச் சங்கிலி" என்று குறிப்பெடுக்காதீர்கள். "சி சங்கிலி" என்று எழுதுங்கள்.

இப்போது வேலை நடக்கும் மையத்துக்குப் போவோம். மேலே உள்ள வரிசைப் பட்டையில் டி சங்கிலியைத் தேர்ந்தெடுத்து 739-ஆம் இடத்துக்குப் போங்கள். அங்கே என், ஏ, டி, எஃப், டி, ஜி, டி என்ற ஏழு எழுத்துகள் தொடர்ச்சியாக வரும்; ஒவ்வொரு எழுத்தும் ஓர் அமினோ அமிலத்தின் சுருக்கப் பெயர். அவற்றில் மூன்று டி-க்கள் இருக்கின்றன: 739, 741, 743. டி என்றால் அஸ்பார்ட்டிக் அமிலம். மூன்றும் உள்நோக்கிக் கைநீட்டி ஒரு மெக்னீசியம் அயனியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆர்.என்.ஏ.வின் ஒவ்வொரு எழுத்தும் அடுத்த எழுத்தோடு கோக்கப்படும் இடம் அந்த மெக்னீசியத்தின் அருகில்தான். இந்த ஏழெழுத்து வரிசை வெந்நீர் ஊற்று பாக்டீரியாவிலும் ஈ.கோலையிலும் காசநோய்க் கிருமியிலும் அப்படியே இருக்கிறது.

அடுத்து மருந்து. ரிஃபாம்பிசினுக்கு வங்கியில் ஆர்.எஃப்.பி. (RFP) என்று மூன்றெழுத்துப் பெயர். அதைத் தட்டினால் திரை தானாகவே அதன் அருகே போய், சுற்றியுள்ள அமினோ அமிலங்களையும் காட்டும். மருந்து மெக்னீசியத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். அளவெடுக்கும் கருவியால் இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 12 ஆங்ஸ்ட்ராம். மருந்து பீட்டா சங்கிலியில் உள்ள ஒரு குழியில், மையத்திலிருந்து சற்றுத் தள்ளி, பிறக்கும் ஆர்.என்.ஏ. வெளியேறும் வழியில் குறுக்கே இருக்கிறது. நொதியால் இரண்டு எழுத்தைக் கோக்க முடியும், சில வேளை மூன்றை. அதற்கு மேல் நகர இடமில்லை. இதைத் திரையில் பார்த்து நம்புவதைவிடக் கையால் செய்து பார்ப்பது நல்லது, கொஞ்சம் பொறுங்கள்.

எண்ணில் ஏமாறாதீர்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் முழுக் கட்டுரையையும் எழுதினேன்.

ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு பெற்ற காசநோய்க் கிருமிகளில் அடிக்கடி காணப்படும் மாற்றத்தைப் புத்தகங்கள் "செரின் 531 லியூசின்" என்று குறிக்கும். பீட்டா சங்கிலியில் 531-ஆம் இடத்தில் உள்ள செரினுக்குப் பதில் லியூசின் வந்துவிட்டது என்று பொருள். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், இது நடந்துவிடும். நான் முதன்முதலாக இந்தக் கோப்பைத் திறந்தபோது சி சங்கிலியில் 531-ஐத் தட்டினேன். மருந்தோடு ஒட்டாத ஓர் இடத்தில் போய் நின்றேன். புத்தகம் தவறா, கோப்பு தவறா என்று மூன்று நாள் குழம்பினேன். இரண்டும் சரி. 531 என்பது ஈ.கோலையின் எண். இந்த மரபணுவில் எதிர்ப்பு மாற்றங்களை முதலில் வரைபடமாக்கியது ஈ.கோலையில் என்பதால் அந்த எண்ணே எல்லாக் கிருமிக்கும் வழக்கமாகிவிட்டது. ஈ.கோலையின் பீட்டா சங்கிலியில் 1,342 அமினோ அமிலங்கள், தெர்மஸில் 1,119. ஒரே செரின் இரண்டிலும் வெவ்வேறு எண்ணில்தான் வரும்.

கணக்கு எளிது. இந்தப் பகுதியில் ஈ.கோலை எண்ணிலிருந்து 120-ஐக் கழித்தால் தெர்மஸ் எண். ஆக 531 என்பது 411. 526-இல் உள்ள ஹிஸ்டிடின் 406. 516-இல் உள்ள அஸ்பார்ட்டிக் அமிலம் 396. காசநோய்க் கிருமிக்கு 81-ஐக் கழிக்க வேண்டும்: 450, 445, 435. இதோடும் முடியவில்லை. காசநோய்க் கிருமியின் பீட்டா சங்கிலி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்வதைப் பொறுத்து எண் ஆறு தள்ளிப்போய், அதே செரினை 456 என்று எழுதும் கட்டுரைகளும் இருக்கின்றன. ஒரே செரினுக்கு நான்கு எண்கள்: 531, 450, 456, 411.

அதனால் எண்ணை வைத்து மட்டும் தேடாதீர்கள். அக்கம்பக்கத்தை வைத்துத் தேடுங்கள். கிராமத்தில் கதவு எண் கேட்டால் யாருக்கும் தெரியாது, "அரச மரத்துக்கு எதிர் வீடு" என்றால் கொண்டுபோய் விடுவார்கள், அப்படித்தான். இந்தச் செரினின் தெரு இது: எச், கே, ஆர், ஆர், பிறகு கிருமிக்குக் கிருமி மாறக்கூடிய ஓர் எழுத்து, பிறகு எஸ், ஏ, எல், ஜி, பி, ஜி. இரண்டு ஆர் சேர்ந்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஓர் எழுத்தைத் தாண்டினால் வருவது நம் செரின். எச் என்பது 526. ஈ.கோலை, தெர்மஸ், காசநோய்க் கிருமி மூன்றிலும் இந்தத் தெரு மாறவில்லை. 1ஐ6வி-யில் 411-ஐத் தட்டிவிட்டு, முன்னும் பின்னும் இந்த எழுத்துகள் வருகின்றனவா என்று ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். வந்தால் சரியான வீடு.

இப்போது 411-இன் பக்கக் கிளை மருந்தை நோக்கி நிற்பதைப் பார்ப்பீர்கள். செரினின் சிறிய ஹைட்ராக்சில் கை மருந்தோடு பிணைப்பு போடுகிறது. அந்த இடத்தில் லியூசின் வந்தால் அந்தக் கை இல்லை. அதோடு பருத்த ஒரு கிளை குழிக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். மருந்தால் முன்போல உட்கார முடியாது. நொதியோ தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கும்.

காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் எடுக்கும் சிபிநாட் சோதனை இந்தத் தெருவைத்தான் படிக்கிறது. பீட்டா சங்கிலிக்கான மரபணுவில் 81 எழுத்து, அதாவது 27 அமினோ அமிலங்களுக்கான பகுதி, ஈ.கோலை எண்ணில் 507 முதல் 533 வரை. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு தரும் மாற்றங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தளவு இந்தச் சிறு பகுதிக்குள்ளேயே வருகின்றன. குழியைக் கண்ணால் பார்த்தவருக்கு அதன் காரணம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: இவற்றில் பல அமினோ அமிலங்கள் குழியின் சுவர். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் சோதனை அறிக்கைக்குத் தாங்களே பொருள் சொல்லி மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அது மருத்துவரின் வேலை.

களிமண்

ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொதி 15 சென்டிமீட்டர் நீளம், பதினொன்றரை உயரம், 11 அகலம். இரண்டு கையிலும் ஏந்தும் அளவு. கரிகிரி மண்பாண்டக்காரர்கள் பிசைவது போன்ற நல்ல ஏரிக் களிமண் கிடைத்தால் அருமை. காயும்போது சுருங்கும், அதனால் எல்லா அளவையும் ஈரத்திலேயே பாருங்கள்.

கொடுக்கு வடிவத்தில் பிடித்து, நடுவில் 2.7 சென்டிமீட்டர் அகலத்துக்கு வாய்க்கால் விடுங்கள். டி.என்.ஏ. இரட்டைச் சுருளின் விட்டம் 20 ஆங்ஸ்ட்ராம், நம் அளவில் 2 சென்டிமீட்டர். அரை அங்குல பிவிசி பைப்பின் வெளிவிட்டம் ஏறத்தாழ அதே அளவு. பைப்பை வாய்க்காலில் வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் மூன்றரை மில்லிமீட்டர் மிச்சமிருக்கும். அந்தப் பொருத்தத்தைக் கையால் உணர்ந்த குடியாத்தத்து மாணவன் ஒருவன் பைப்பை எடுப்பதும் வைப்பதுமாகவே கால் மணி நேரம் இருந்தான்.

பைப்பை எடுத்துவிட்டு, வாய்க்காலின் அடிச்சுவரில் ஒரு கடுகைப் பதியுங்கள். அது மெக்னீசியம், இந்த அளவில் கடுகு கிட்டத்தட்ட சரியான பருமன். கடுகிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி, பீட்டா பக்கத்துச் சுவரில் விரலால் ஒரு குழி அழுத்தி, புளியங்கொட்டையைப் பாதி வெளியே தெரியும்படி பதியுங்கள். அது ரிஃபாம்பிசின். இனி மிளகு. ஒரு மிளகு ஆர்.என்.ஏ.வின் ஓர் எழுத்து. கடுகின் அருகிலிருந்து புளியங்கொட்டையை நோக்கி ஒவ்வொன்றாக வையுங்கள். முதல் மிளகு உட்காரும். இரண்டாவதும் உட்காரும். மூன்றாவதை வைக்கும்போது கொட்டை தட்டும்.

இப்போது கொட்டையை எடுத்துவிட்டு, ஐந்து மிளகையும் வரிசையாக வையுங்கள், தாராளமாகப் போகும். மிளகுகள் அப்படியே இருக்கட்டும், கொட்டையை மறுபடி குழிக்குள் வைக்கப் பாருங்கள். முடியாது. ஆர்.என்.ஏ. நீண்டு வெளியேறத் தொடங்கிய நொதியை ரிஃபாம்பிசின் தடுப்பதில்லை என்பதன் காரணம் இதுதான். படியெடுக்கத் தொடங்கும் தருணத்தில் மட்டுமே அதனால் வழிமறிக்க முடியும்.

கடைசியாகக் குழியின் சுவரில், 411 இருக்கும் பக்கம், பட்டாணி அளவு மண்ணை ஒட்டுங்கள். செரின் போய் லியூசின் வந்தாயிற்று. கொட்டை வழுக்கி வெளியே வரும். மிளகு வரிசை தடையில்லாமல் போகும்.

இதற்குப் பிறகு

இரண்டு கோப்புகள் பாக்கி. காசநோய்க் கிருமியின் நொதியே ரிஃபாம்பிசினோடு இருக்கும் அமைப்பு 5யூஎச்பி (5UHB). ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எப்ரைட் குழு 2017-இல் வெளியிட்டது. சிக்மாவும் டி.என்.ஏ.வும் அதில் இருக்கின்றன. அங்கே எண் எதுவாக இருந்தாலும் சரி, இரண்டு ஆர்-ஐத் தேடுங்கள்.

மற்றொன்று 2ஓ5ஐ. இரண்டாவதாக வருவது சுழி அல்ல, ஆங்கில ஓ; கடைசியில் வருவது ஆங்கில ஐ. தெர்மஸ் தெர்மோஃபிலஸின் நொதி டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு படியெடுத்துக்கொண்டிருக்கும் நிலையில், 2.5 ஆங்ஸ்ட்ராம் தெளிவில், 2007-இல் வெளிவந்தது. அதைத் திறந்ததும் டி.என்.ஏ.வை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறைத்துப் பாருங்கள். நாம் வாய்க்காலில் வைத்த பைப் போல நேராக அது ஓடவில்லை. மெக்னீசியத்தின் அருகே வந்ததும் ஏறத்தாழ 90 பாகை வளைகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக அரை அங்குல எல்போ ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன்.